கை காட்டாத ஞாயிறு

காபி ஆறிவிடும், குடியுங்கள். விருது மலரில் போட என் வாழ்க்கையிலிருந்து நாலு பக்கம் வேண்டும், மனதில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்றீர்கள். விருதின் பெயர் ‘விசுவாசத் தோழன்’. லாண்டரே சக்கர நாற்காலியில் வந்து என் கையில் கொடுப்பான், ஊரே எழுந்து நின்று கைதட்டும். நல்ல ஏற்பாடு. சொல்கிறேன். எதைப் போடுவது, எதை விடுவது என்பது உங்கள் விருப்பம்.

முதலில் என் வேலை. பதினோரு வருடம் தொழில்முறைச் சைக்கிள் பந்தயம் ஓட்டினேன், ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. என்னை எடுத்தது ஜெயிப்பதற்காக அல்ல. லாண்டர் ஹூபென் ஜெயிக்க வேண்டும், அவன் முகத்தில் காற்று பட்டுப் பலம் வீணாகக்கூடாது, அதற்காக அவனுக்கு முன்னால் நான் ஓட்ட வேண்டும். எனக்குத் தோள் அகலம். அணியில் யாரும் என்னை பாவோ என்று கூப்பிட்டதில்லை, அலமாரி என்றுதான். எங்களுக்குப் படியளந்தது கழிப்பறைத் தொட்டி செய்யும் ஒரு நிறுவனம். அதன் பெயர் என் கால்சட்டையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். பதினோரு வருடம் அதை மிக அருகிலிருந்து படித்தவன் லாண்டர்.

டிவியில் பார்க்கிறவர்களுக்கு இது மாவீரர்களின் உலகம். ஜனவரியில் ஸ்பெயின் கடற்கரையில் ஆளில்லாத ஹோட்டலில் கிடப்போம். காலையில் எடை பார்ப்பார்கள், அரை கிலோ கூடியவனுக்கு மதியம் ரொட்டி கிடையாது. மார்ச், ஏப்ரலில் எங்கள் பக்கத்துக் கல் பாவிய சாலைகளில் மழைச் சேற்றைத் தின்போம். அதில் பாதி மாட்டுச் சாணம். வேலியோரம் நிற்கிற குடிகாரன் எங்கள் மேல் எதையோ ஊற்றுவான், அது பியர்தானா என்று யோசிக்க நேரமிருக்காது. ஜூலையில் மூன்று வாரம் பிரான்ஸ். இறங்க நேரமில்லாமல் ஓட்டிக்கொண்டே மூத்திரம் பெய்வோம். பக்கத்தில் ஒருவன் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். லாண்டரைத் தள்ளுகிறவன் நான். அக்டோபரில், அடுத்த வருட ஒப்பந்தம் கிடைக்காதவர்கள் பைத்தியம் பிடித்த மாதிரி ஓட்டுவார்கள். பிறகு நாலு கல்யாணம், இரண்டு முழங்கால் அறுவை சிகிச்சை, மறுபடி ஜனவரி. பத்திரிகைக்காரர்கள் இதைக் காவியம் என்று எழுதுகிறார்கள்.

இந்தத் தொழிலில் நேர்மையான காரியம் ஒன்றே ஒன்று உண்டு. கை காட்டுவது. கூட்டமாக ஓட்டும்போது பின்னால் வருகிறவனுக்கு முன்னால் இருப்பவனின் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. அதனால் குழி, டிவைடர், நிறுத்திவைத்த கார் எது வந்தாலும் முன்னால் போகிறவன் கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் அந்தப் பக்கம் ஆட்டுவான். பின்னால் இருப்பவன் எதிர் அணிக்காரன் என்றாலும் காட்டுவான். தன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஓடியவன் என்றாலும் காட்டுவான். யாரும் சட்டமாக எழுதிவைக்கவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. பந்தயம் ஒருவனின் சொந்த ஊர் வழியாகப் போனால் கூட்டம் கொஞ்சம் வேகத்தைக் குறைக்கும். அவன் மட்டும் முன்னால் போய், இறங்கி, வீட்டாருக்கு முத்தம் கொடுத்துவிட்டு மறுபடி சேர்ந்துகொள்வான். நாலு வருடத்துக்கு முன்னால், ஜூன் மாதம், ஒரு பந்தயம் எங்கள் ஊர் வழியாக வந்தது. அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்தெட்டு வயதில் ரொட்டிக்கடை எதிரே முழங்காலிட்டு, சாலையில் வெள்ளைப் பெயிண்டால் என் பெயரை எழுதியிருந்தார்.

ஊருக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது காதுக்கருவியில் அணி மேலாளர் ஓடீலின் குரல் வந்தது. அவர் பின்னால் காரில் வருவார்.

"அலமாரி, காருக்கு வா. லாண்டருக்குத் தண்ணி வேணுமாம்."

"ஓடீல், அஞ்சு நிமிஷம் விடுங்க. அடுத்தது எங்க ஊரு. அப்பா நிக்கிறாரு."

பக்கத்தில் வந்த லாண்டர் சிரித்தான். "உங்கப்பா எங்கடா ஓடிப்போகப் போறாரு? எனக்குத் தொண்டை காயுது. போடா."

போனேன். ஏழு பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, கார்களுக்கு நடுவே கடைசி ஆளாக எங்கள் ஊரைக் கடந்தேன். என் பெயரின் மேல் என் சக்கரம் ஏறியபோது, கூட்டம் போன திசையையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன், ஹாரன் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. பாட்டிலை வாங்கிய லாண்டர் ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, மீதியை அப்படியே வாய்க்காலில் எறிந்தான்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார்.

"இன்னிக்கு நீ ஓட்டலையாப்பா?"

"ஓட்டினேன்ப்பா. பின்னால வந்தேன்."

"அப்படியா. நான் முன்னாடி போனவங்களையே பாத்துட்டிருந்துட்டேன்."

நவம்பரில் இறந்துபோனார். லாண்டர் மலர்வளையம் அனுப்பினான். ‘அலமாரியின் தந்தைக்கு’ என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அதை உங்களிடம் நான் மறைக்கவில்லை. ஆனால் ஜனவரியில் வழக்கம்போல ஸ்பெயினுக்குப் போனேன், வழக்கம்போல அவனுக்கு முன்னால் ஓட்டினேன்.

ஏப்ரலில் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். முடிவுக்கு இருபது கிலோமீட்டர் இருந்தது, மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகம். மருந்துக்கடைக்கு எதிரே சாலை நடுவில் ஒரு சிமெண்ட் திட்டு. நான் கடைசி நொடியில் இடப்பக்கம் ஒதுங்கினேன். லாண்டர் நேராகப் போய் மோதினான். முதுகெலும்பு முறிந்தது. இரண்டு காலும் வலது கையும் போயின. விசாரித்தவர்களிடம், ரொம்பத் தாமதமாகத்தான் பார்த்தேன் என்று சொன்னேன். அவர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஓடீல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

தாமதமாகப் பார்த்தேன் என்பது சரியல்ல. நூறு மீட்டருக்கு முன்பே பார்த்தேன். பதினோரு வருடப் பழக்கம், வலது கை தானாகக் கிளம்பியது. அதைப் பிடியின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான். அவனைத் தள்ளவில்லை, இடிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஓட்டுவது தப்பு என்று எந்த விதியும் இல்லை. திட்டுக்கு முன்னால் மஞ்சள் கொடியோடு ஒருவர் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார். ஜனங்களின் கூச்சலில் விசில் கேட்கவில்லை. கொடி லாண்டருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தோள் அகலம் என்று முன்பே சொன்னேன்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமையையும் சொல்லிவிடுகிறேன். அன்று பாதையைப் பார்த்துவரப் போனோம். லாண்டருக்குத் தொட்டி விளம்பரத்துக்குப் படமெடுப்பு இருந்ததால் அவன் வரவில்லை. "ஆபத்தான இடமெல்லாம் நீ எழுதிக் குடுத்துடு, அலமாரி. அவன் உன் முதுகைப் பாத்தாப் போதும்," என்றார் ஓடீல். நாற்பத்து மூன்று இடங்களை எழுதிக்கொடுத்தேன். அந்தத் திட்டை அந்த வாரம்தான் கட்டியிருந்தார்கள். நான் இறங்கி, காலணியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், கணுக்கால் உயரம். விளிம்பு கூராக இருந்தது. நாற்பத்து நான்காவதாக அதை நான் எழுதவில்லை. எழுத மறந்துவிடவும் இல்லை.

இப்போது ஞாயிறுதோறும் ஸ்கெல்ட் ஆற்றங்கரையில் அவனைத் தள்ளிக்கொண்டு போகிறேன். அவன் மனைவி கிரீட் எனக்காக அப்பம் சுட்டு வைத்திருப்பாள். நான் இல்லாவிட்டால் தங்கள் கதி என்ன என்று கேட்பாள். ஆற்றங்கரையில் காற்று அதிகம். அவன் முன்னால், நான் பின்னால், காற்று அவன் முகத்தில். பாதையில் குழி வந்தால் அவனுக்கு மிச்சமிருக்கும் இடது கையை நாற்காலிக்குப் பின்னால் கொண்டுவந்து ஆட்டுகிறான். இதுவரை ஒரு குழியைக்கூட விட்டதில்லை.

"எனக்கே தெரியுதுடா, விடு," என்பேன்.

"பழக்கம்டா. காட்டலன்னா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது," என்பான்.

எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.

மலரில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். விருதை நான் வாங்கிக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் ஏன் என்று லாண்டர் கேட்பான். அவனிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.