பின் கியர் மட்டும் பாக்கி

லொறி மறிக்கிற ஆள் நான் இல்லை, ஐயா. பஸ்ஸுக்குக்கூடக் கைகாட்டக் கூச்சப்படுவேன். ஆனால் இன்று காலை உங்கள் பொலிஸ் நிலைய முற்றத்தில், அப்துல் கபூரின் லொறியிலிருந்து இறக்கிய பலகையில் ஏறி, எங்கள் பழைய உழவு மிசினின், அந்த டிராக்டரின் மூக்குக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். சங்கிலி மாட்டியாயிற்று. முன்சில்லுகள் பலகையில் ஏறிவிட்டன. ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் மிசின் ஓட்டமாவடி இரும்புக் கடைக்குப் போய், மத்தியானத்துக்குள் துண்டு துண்டாகியிருக்கும்.

“தம்பி, இறங்குங்க,” என்றார் அப்துல் கபூர். “உங்கட மச்சான் நிண்ட இடத்திலதான் நீங்களும் நிக்கிறீங்க. நான் பழைய இரும்பு எடுக்க வந்த மனிசன். செத்த ஆள்ட மையத்து எடுக்க வரல்ல.”

என் தங்கை தக்ஷாயினி வேலியோரம் நின்றாள். “என்ட மனிசன் செத்து முப்பத்தோராம் நாளும் முடியல்ல, அண்ணன். இந்தச் சனியன் இனி என்ட கண்ணில படப்படா. வழிய விடுங்க.”

நீங்கள் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தீர்கள். “வினாயகமூர்த்தி, வழக்கு முடிஞ்சுது. விபத்தெண்டு எழுதி மூடியாச்சு. இனி அது உங்கட தங்கச்சிட சாமான்.”

“முடியல்ல, ஐயா,” என்றேன். “நான்தான் செய்தது. கொலை வழக்கெண்டா முடியும் வரைக்கும் இத வெட்ட ஏலாதுதானே?”

தேநீர் உங்கள் சப்பாத்தில் சிந்தியது. அதற்கு மன்னிக்க வேண்டும்.

இப்போது மிசின் மறுபடி தரையில் நிற்கிறது. யன்னலால் தெரிகிறது. ஆகவே நான் நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதுங்கள்.

நான் பெட்டியில் கொண்டுவந்து மேசையில் வைத்தேனே, இந்தச் சின்ன மிசின், இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். தொடலாம், உடையாது. சுவிஸில் இருக்கிற பெரியம்மாவின் மகன் தன் பிள்ளைகள் விளையாடி முடித்த பொருத்துக் கட்டைகளை இரண்டு பெட்டி அனுப்பியிருந்தான். தேற்றாத்தீவில் எனக்குக் கைபேசி திருத்துகிற கடை. சின்னத் திருகாணிகளோடு பழகிய கை. வெளியே நிற்கிற பெரிய மிசினை அப்படியே கட்டைகளால் கட்டுவது என்று தொடங்கினேன். மூன்று வருடம் ஆயிற்று. சுக்கானைத் திருப்பிப் பாருங்கள், முன்சில்லு திரும்பும். முன்அச்சு மேட்டிலும் பள்ளத்திலும் தனியாக ஆடும். கியர் கம்பியைத் தள்ளினால் உள்ளே பல்லுச்சக்கரம் மாறும். சிவப்புக் கட்டை போதாமல் இடப்பக்கம் இரண்டு செம்மஞ்சள் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டாம்.

எல்லாம் சரி, வேகம் மட்டும் பிழை. மோட்டரைப் போட்டால் விளையாட்டுச் சாமான் மாதிரிப் பாயும். பெரிய மிசின் முதல் கியரில் எப்படிப் போகும்? வயிற்றுப்பிள்ளைக்காரி படி இறங்குகிற மாதிரிப் போகும். அது வரவேயில்லை. சக்கரத்தைக் கூட்டினால் பல்லுத் தெறித்தது. குறைத்தால் பாய்ந்தது. இருபத்தாறு தரம் கழற்றிக் கட்டினேன். கடை பூட்டிக் கிடந்தது. ஆட்கள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு களுவாஞ்சிக்குடிக்குப் போகத் தொடங்கினார்கள்.

அழகரத்தினம் ஒருநாள் என் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தான். என் தங்கையின் கணவன், இப்போது இறந்தவன். மேசையில் ஓடவிட்டுக் காட்டினேன். “மச்சான், இது மிசினில்ல, ஓணான்,” என்றான். சிரிப்பாகத்தான் சொன்னான். அடுத்த கிழமை கலியாண வீடொன்றில் ஒருவர் என்னைப் பார்த்து, “ஓணான் எப்பிடி ஓடுது?” என்று கேட்டார். அதுவும் சிரிப்புத்தான்.

எனக்கு வேண்டியது சின்ன உதவி. பெரிய மிசினின் கியர்ப்பெட்டி மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற பல்லை எண்ண வேண்டும். “ஒரு மணித்தியாலம் தா. எண்ணிப்போட்டு நானே பூட்டித் தாறன்,” என்றேன். “நாளைக்குப் பாப்பம், மச்சான்,” என்றான். பதினான்கு மாதம் அந்த நாளை வரவில்லை. வயல் வேலை, பிறகு மழை, பிறகு கோயில் சடங்கு. மூடி மூடியபடியே கிடந்தது.

மிசின் அவனுடையது என்பதை நான் மறுக்கவில்லை. அது அப்பா வாங்கியது. நான் எட்டு வயதில் அதன் மட்காட்டில் இருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டிப் பழுகாமத்து வயல் வட்டைக்குப் போயிருக்கிறேன். ஆனால் எங்கள் பகுதியில் முறை என்னவென்று உங்களுக்குத் தெரியும். வீடு, வளவு, வயல் எல்லாம் பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் கட்டிய இடத்துக்குப் போக வேண்டும். நான் கட்டவில்லை. ஆகவே தக்ஷாயினியின் கலியாணத்தோடு வீடும் வயலும் மிசினும் சீதனமாகப் போக, வளவின் மூலையில் இருந்த கொட்டில் எனக்கு வந்தது. நான் குறை சொல்லவில்லை. முறையைச் சொல்கிறேன்.

மரண விசாரணையில் நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். ஒன்று, “உங்களுக்கும் மச்சானுக்கும் ஏதும் கொழுவல் இரிந்ததா?” இல்லை என்றேன். அது உண்மை. பதினொரு வருடத்தில் ஒரு வாய்ச்சண்டை கிடையாது. மற்றது, பின்சில்லின் பக்கவாட்டில் கரும்பலகை வெண்கட்டியால் ஒரு கோடு கிடக்கிறதே, அது என்ன என்பது. தெரியாது என்றேன். அது பொய். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கார்த்திகையில் மிசினை இரும்புக்கு விற்பதாக முடிவாயிற்று. எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்துல் கபூர் வந்து சில்லைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் கேட்டேன். “புதன்கிழமை ஒம்பது மணிக்கு லொறி வரும்,” என்றான் அழகரத்தினம். “அப்ப கியர்ப்பெட்டி?” என்றேன். “ஓட்டமாவடிக்குப் போய் எண்ணுங்க, மச்சான். அங்க மூடி துறக்கத் தேவையில்ல, ரெண்டாப் பிளந்து வைச்சிரிப்பானுகள்.”

அன்று பின்னேரம் சின்ன மிசின் எனக்கு ஒன்றைக் காட்டித் தந்தது. கியர் கம்பி நடுவில்தான் நின்றது. மோட்டரைப் போட்டதும் மேசையில் ஓடித் தேநீர்க் கோப்பையை இடித்துத் தள்ளியது. கழற்றிப் பார்த்தேன். கம்பிக்குள் ஒரு ஊசி தளர்ந்து, வெளியே சும்மா நிற்கிற மாதிரித் தெரிந்தாலும் உள்ளே முதல் கியர் விழுந்திருந்தது. பெரிய மிசினிலும் இதே பழுது இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. தேய்ந்துபோன கம்பி. எங்கே நின்றாலும் ஒரே மாதிரித்தான் நிற்கும். அவனும் அதை அசைத்துப் பார்ப்பதில்லை. மாலையில் தான் கியரிலிருந்து கழற்றி வைத்த கம்பி காலையிலும் அப்படியே இருக்கும் என்று நம்புகிற ஆள்.

பேட்டரி செத்து ஆறு வருடம். மூக்கில் இரும்புக் கைப்பிடியை மாட்டி, முன்னால் நின்று சுழற்றித்தான் கிளப்புவான். மிசின் எப்போதும் புளியமரத்தைப் பார்த்து நிற்கும். மூக்குக்கும் மரத்துக்கும் இடையில் நாலடி.

நான் நினைத்தது காலில் ஓர் அடி. அடிபட்டால் பொலிஸ் வரும். பொலிஸ் வந்தால் மிசின் வழக்குச் சாமான் ஆகும், உங்கள் முற்றத்தில் நிற்கும், ஒருவரும் வெட்ட முடியாது. அவன் ஆஸ்பத்திரியில் இருக்கிற நாட்களில் உங்களிடம் அனுமதி கேட்டு மூடியைத் திறக்கலாம். யோசித்துப் பாருங்கள், நியாயமான கணக்குத்தான்.

புதன்கிழமை காலை தக்ஷாயினி சந்தைக்குப் போனாள். அழகரத்தினம் கிணற்றடியில் பல்லு விளக்கிக்கொண்டிருந்தான். நான் மிசினில் ஏறி முதல் கியரைக் கொழுவினேன். அப்பா அப்படித்தான் சொல்வார். கியர் போடு என்று சொல்லமாட்டார், கொழுவு என்பார். ஆகவே கொழுவல் இருந்ததா என்று நீங்கள் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. எங்களுக்குள் கொழுவல் இல்லை, ஐயா. கியர் மட்டும்தான் கொழுவியிருந்தது.

லொறியில் ஏற்றுவதற்காக அவன் வந்து கைப்பிடியை மாட்டிச் சுழற்றினான். மூன்றாம் சுழற்றில் மிசின் கிளம்பியது. மெதுவாகத்தான் போனது. நான் சொன்னேனே, அதன் முதல் கியர் அப்படி. அவன் விலகியிருக்கலாம். மழைச்சேற்றில் கால் வழுக்கியது. மிசின் அவனைப் புளியமரத்தோடு சேர்த்துப் பிடித்தது. மரம் அசையவில்லை, மிசினும் அணையவில்லை. பின்சில்லுகள் சேற்றில் நின்ற இடத்தில் சுற்றின.

நான் அப்போது கொட்டிலில் கிரைண்டர் பிடித்துக்கொண்டிருந்ததாகவும், சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்றும், மிசின் தானாக அணைந்திருக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். நான் பின்சில்லுக்குப் பக்கத்தில் நின்றேன். இருக்கைக்கு முன்னால் ஒரு கம்பி இருக்கிறது. அதை இழுத்தால் மிசின் அணையும். மூன்று எட்டு வைக்கிற தூரம்.

“மச்சான், கம்பிய இழு,” என்றான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் சொன்னான்.

வெண்கட்டிக் கோடு அதற்குத்தான், ஐயா. விடியத்தான் கீறினேன். கோடு மேலே வருகிற ஒவ்வொரு தரமும் ஒன்று. கைபேசியில் நேரத்தை ஓடவிட்டு எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு ஏழு சுற்று. மூன்று வருடமாக அகப்படாத கணக்கு. பதற்றத்தில் பிழை விட்டிருப்பேனோ என்று இன்னொரு நிமிடம் எண்ணினேன். அதுவும் ஏழு. பிறகு போய்க் கம்பியை இழுத்தேன். அதற்குள் மூன்றாம் தரம் கேட்க அவனுக்குத் தேவை இருக்கவில்லை.

சின்ன மிசினை இப்போது ஓடவிட்டுப் பாருங்கள். ஏழு சுற்று. ஓணான் என்று இனி ஒருவரும் சொல்ல ஏலாது. பின் கியர் மட்டும் பாக்கி. மரத்தடியிலிருந்து அவன் மிசினைப் பின்னால் எடுத்திருந்தால் அதையும் எண்ணியிருப்பேன், எடுக்க வாய்க்கவில்லை. அதனால்தான் இன்று லொறியை மறித்தேன். ஒரு மணித்தியாலம் அனுமதி தந்தால் மூடியைத் திறந்து எண்ணிவிட்டு நானே பூட்டித் தருவேன்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

நீங்கள் பழுகாமத்து ஆள், வயல் தெரிந்தவர் என்று உங்கள் பேச்சிலேயே தெரிகிறது. பேனையை மூடிவிட்டு இப்போது ஒன்று கேட்டீர்கள்:

“சில்லு சுத்துறத எண்ணத்தான் வேணுமெண்டா, ஒரு கோட்டக் கீறிப்போட்டு அவன் வட்டையில உழுதுகொண்டிரிக்கக்குள்ள வரம்பில நிண்டு எண்ணியிரிக்கலாமே. முதல் கியர், பின் கியர் எல்லாம் ஒரு நாளில முடிஞ்சிரிக்கும். மூடி என்னத்துக்கு?”

எண்ணியிருக்கலாம்தான், ஐயா. இப்போது நீங்கள் சொல்லத்தான் விளங்குகிறது. ஆனால் அவன் உழுகிற நாட்களில் நான் வட்டைப் பக்கம் போவதில்லை. பதினொரு வருடமாக ஒருநாளும் போனதில்லை. அப்பாவின் இருக்கையில் அவன் ஏறி இருப்பதை நான் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். மற்றபடி எனக்கு அவனோடு ஒன்றும் இல்லை.