மூன்றாம் ஜன்னலிலிருந்து மல்யுத்த மெத்தைக்கு

மயிலை தந்த மாதரசியே! மூன்றாம் ஜன்னலின் முழுமதியே! முகமறியா மனிதருக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பயணச்சீட்டு தந்து, காசிக்கும் கன்னியாகுமரிக்கும் அவர்களை அனுப்பிவிட்டு, தாம் மட்டும் மாடவீதியைத் தாண்டாத மாண்புமிகு சூடாமணி அம்மையாரே! பணிக்காலம் முழுவதும் எந்த அதிகாரியின் காலையும் பிடிக்காமலிருந்து, ஓய்வுபெறும் வாரத்தில் ஒரே ஒரு காலைப் பிடித்து எங்களை வாய்பிளக்க வைத்த வீரத்திருமகளே! தங்கள் பணி நிறைவு விழாவில், இரயில் முன்பதிவு நிலைய ஊழியர்கள் அனைவரும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

முறைப்படி இனித் தங்கள் கடமை, கண்ணியம், காலந்தவறாமை ஆகியவற்றை அடுக்க வேண்டும். ஆனால் நேருக்கு நேர் புகழ்ந்தால் தாங்கள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு தரையைப் பார்ப்பீர்கள். எனவே சற்று நேரம் சபையைப் பார்த்துப் பேசுகிறோம். கதை தெரியாத உறவினர்களும் வந்திருக்கிறார்கள்.

சென்ற மழைக்காலத்தில் லஸ் முனையில் பேருந்திலிருந்து இறங்கும்போது சூடாமணி அம்மையார் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் மாவுக்கட்டு. புனேயிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்தார் மகன் பரத்வாஜ். "நீ ஆத்துல தனியா விழுந்து கெடந்தா யாரும்மா தூக்குவா? ரிடையர் ஆனதும் என்னோட வந்துடு" என்றார். பாசத்தில் சொன்னதுதான். ஆனாலும் சொந்த வீட்டையும், விடியற்காலைக் கோயிலையும், பெயர் சொல்லிக் கூப்பிடும் தெருவையும் விட்டுப் போக அம்மையாருக்கு மனமில்லை.

"அடிபடாம விழறதுக்கு யாராவது சொல்லித் தருவாளா?" என்று மதியச் சாப்பாட்டின்போது விளையாட்டாகக் கேட்டார். பக்கத்து ஜன்னல் அப்துல் கய்யூம், "என் பொண்ணு தருவா மேடம்" என்றார். அவர் மகள் மஹ்விஷ், சாந்தோமில் பெண்களுக்கு மல்யுத்தம் கற்றுத் தருகிறாள். அன்று மாலையே அம்மையார் தொலைபேசியில் மகனிடம் பந்தயம் கட்டினார். "ரிடையர் ஆறதுக்குள்ள நெஜமான ஆட்டத்துல ஒருத்தரையாவது சாய்ச்சுட்டா நான் இங்கதான் இருப்பேன். இல்லேன்னா பெட்டியைக் கட்டறேன்." மகன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

நீல மெத்தை விரித்த அந்தக் கூடத்துக்குள் மாலை வெயில் மஞ்சளாய் மிதந்து வரும். நொச்சிக்குப்பத்து மீன் வாசனையும் தேவாலய மணியோசையும் கைகோத்து வரும். அங்கே அம்மையார் முதலில் விழக் கற்றார். பிறகு ஒற்றைக் கால் பிடி: முழங்கால் மடக்கித் தாழ்ந்து, ஓரெட்டு உள்ளே பாய்ந்து, எதிராளியின் முழங்காலுக்குப் பின்னே கைகளைப் பூட்டி, தலையை அவள் விலாவில் ஒட்டி, பக்கவாட்டில் சுழற்றிச் சாய்ப்பது. எதிரே நிற்பவள் அசையாமல் நின்றால் அம்மையாரின் பிடி அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும்.

எதிராளியும் மோதும் ஸ்பாரிங்கில்தான் சங்கடம். இத்தனை வருடம் ஜன்னலுக்கு எதிரே நிற்பவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் காத்திருந்த உடம்பு, மெத்தையிலும் காத்திருந்தது. மஹ்விஷ் பாய்வாள், அம்மையார் "சொல்லுங்கோ" என்பதுபோல் பார்ப்பார், அடுத்த கணம் கூரையைப் பார்த்துக் கிடப்பார். "இன்னா மேடம், நான் முடிக்கிற வரிக்கும் நின்னுக்கினே கீறீங்க? இது இன்னா டிக்கெட் கவுண்ட்டரா?" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். விட்டுக்கொடுக்கவும் மாட்டாள்.

மாதங்கள் ஓடின. சாப்பாட்டுக்குப் பிந்திய மயக்கத்தில் அம்மையார் கனவு காண ஆரம்பித்தார். கனவில் முன்பதிவு வரிசை முழுவதும் நீல மெத்தையில் நிற்கும். ஒவ்வொருவராக வந்து, மெல்ல விலகி, ஏதோ மறந்தவர்போல் திரும்புவார்கள். அவர்கள் தோள்கள் அலைபோல் சாயும். ஜன்னல் வழியே பார்ப்பதுபோல், யாருக்கும் கால் மட்டும் தெரியாது.

அப்படி ஒரு மதியம் விழித்தவரிடம் ஒரு பெரியவர் சீட்டு வாங்கிக்கொண்டு நகர்ந்தார். நகர்ந்தவரின் தோள் சாய்ந்தது. திரும்பி ஓரெட்டு வைத்து, "கீழ் பெர்த்துதானேம்மா?" என்றார். அம்மையார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இப்போ நீங்க முன்னால வெச்ச கால்லதான் மொத்த கனமும் இருக்கு!" பெரியவர் பயந்துபோய்த் தன் காலைக் குனிந்து பார்த்தார். ஜன்னலை விட்டுப் போகிற எவரும் ஒருமுறை திரும்பி வருவார்கள் என்பதையும், அதைத் தோள்தான் முதலில் சொல்லும் என்பதையும் அம்மையாரைவிட அறிந்தவர் யார்? கனம் ஏறிய காலைச் சட்டென்று பின்னுக்கு எடுக்க முடியாது; பிடிக்க அதுவே தருணம்.

சென்ற சனிக்கிழமை பரத்வாஜ் வீட்டுச் சாமான் கட்ட அட்டைப்பெட்டிகளோடு ஊர் வந்தார். அன்று மாலை மஹ்விஷோடு பந்தய ஆட்டம். மெத்தை ஓரமாக அவரும் நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மஹ்விஷ் பாய்ந்தாள். அம்மையார் கால்களைப் பின்னுக்கு இழுத்து அவள் தலையை அழுத்திச் சமாளித்தார். அவள் விலகினாள். அம்மையார் வழக்கம்போல் காத்திருந்தார். தோற்றுவிட்டார் என்றே நினைத்தோம். மஹ்விஷின் தோள் லேசாகச் சாய்ந்தது; திரும்பி ஓரெட்டு வைத்தாள். அந்தக் கால் தரையில் பதிந்தபோது அம்மையாரின் கைகள் அதன் பின்னே பூட்டியிருந்தன. இருவரும் சுழன்றது எங்களுக்கு நீருக்குள் நடப்பதுபோல் இருந்தது. அம்மையார் மேலே, மஹ்விஷ் கீழே.

அம்மாவைத் தூக்க ஓடிய பரத்வாஜ் ஏந்திய கையோடு நடுமெத்தையில் நின்றார். அம்மையார் தாமே எழுந்து, மஹ்விஷுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "சத்தியமா விட்டுக்குடுக்கல சார்" என்றாள் அவள். மகன் கேட்டார்: "அந்த அட்டைப்பெட்டியெல்லாம் என்னம்மா பண்றது?"

"மடிச்சு வைடா. எனக்குத் திங்கட்கிழமை கிளாஸ் இருக்கு."

அம்மையாரே, இனித் தங்களைப் பார்த்தே பேசுகிறோம். தங்களுக்காக வாங்கிய பயணப்பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்து, மல்யுத்தக் காலணி வாங்கிவிட்டோம். விழும்போதெல்லாம் தாமே எழும் வலிமையோடும், விழுந்தவரைத் தூக்கும் கையோடும், நோயின்றி நூறாண்டு இந்த மயிலையிலேயே வாழ்வீர்களாக!

நாளை அந்த நாற்காலியில் வேறொருவர் அமர்வார். எங்களுக்கு அது தாங்கவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: இன்று இந்த வாசலைத் தாண்டியதும், எல்லாரையும் போல் தாங்களும் ஒருமுறை திரும்பி வந்து எதையாவது கேளுங்கள். "சொல்லுங்கோ" என்று சொல்ல நாங்கள் எல்லோரும் ஜன்னலில் காத்திருப்போம்.

என்றும் தங்கள் அன்பில்,
அப்துல் கய்யூம், ஸ்ரீரஞ்சனி மற்றும்
முன்பதிவு நிலைய ஊழியர்கள்,
மயிலாப்பூர், சென்னை.