சொல்லாமல் விட்ட இரண்டாவது துண்டு

சாட்சியின் பெயர் நெவென்கா ஸ்கெலின். வயது 61. முகவரி: ஷிபெனிக் நகரம், துறைமுகத்துக்கு மேலே உள்ள தெரு, எண் 14. ஸாக்ரெப் நகரக் காவல் நிலையத்துக்குத் தாமாகவே வந்து, ஏப்ரல் 29ஆம் தேதி பகல் 1.20 மணிக்கு, இரண்டாவது முறையாகக் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். படகுத்துறையில் பயணிகளின் சீட்டைப் பரிசோதிக்கும் வேலையில் முப்பத்து மூன்று வருடம் இருந்து, சென்ற பிப்ரவரியில் ஓய்வு பெற்றேன். இந்தச் சம்பவம் குறித்து ஏப்ரல் 20ஆம் தேதி மருத்துவமனையில் என் படுக்கையருகே ஓர் அதிகாரி வந்து என்னிடம் வாக்குமூலம் எழுதிக்கொண்டார். அதில் நான் பொய் எதுவும் சொல்லவில்லை. ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 17ஆம் தேதி மாலை பேருந்தில் ஸாக்ரெப் வந்து, ரயில் நிலையத்தின் அருகே ஓர் அறையில் தங்கினேன். உறவினர் யாரையும் பார்க்க வரவில்லை. ஊரெல்லாம் படகேறிப் போவதை முப்பத்து மூன்று வருடம் பார்த்துவிட்டேன், ஒரு நாள் நானும் தனியாகச் சுற்றிப்பார்த்து, பிடித்ததைத் தின்றுவிட்டு வரலாம் என்று வந்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பும்போது அறைக்காரர் என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. அதன்பின் தொலாட்ஸ் சந்தைக்குப் போய், பாலாடைக்கட்டி விற்கும் பெண்களின் வரிசையில் நின்றேன். மூன்று பேரிடம் ருசி பார்த்துவிட்டு நாலாவது பெண்ணிடம், "இது இன்னைக்குப் போட்டதா, நேத்தையதா?" என்று கேட்டேன். அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "பேச்சைக் கேட்டாலே தெரியுது, கடல் பக்கத்து ஆளு. நீங்க மீன் விக்கிறப்போ செவுளைத் தூக்கிப் பார்க்க விடுவீங்களா? வாயில வச்சிருக்கீங்கல்ல அக்கா, நாக்கு சொல்லலையா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கட்டி புதிதாகத்தான் இருந்தது. அதன் மேல் பாலேட்டை ஊற்றி, ஒரு துண்டுச் சோளரொட்டியோடு நின்றபடியே தின்றேன்.

அதன்பின் கல்வாசல் என்ற பழைய நகரவாயிலுக்குப் போய், அதனுள்ளே இருக்கும் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். பக்கத்தில் நின்ற இளைஞன் என் பையையே பார்ப்பதாகத் தோன்றியதால் ஜெபத்தைப் பாதியில் முடித்துக்கொண்டேன். அதன்பின் மேல்நகரத்தில் சுற்றினேன். அங்குள்ள கோபுரத்தில் தினமும் நடுப்பகலுக்குச் சுடும் பீரங்கி வெடித்தபோது அதற்கு நேர் கீழே நின்றிருந்தேன். அதன்பின் ஓர் உணவகத்தில் மாவுக்குள் பாலாடைக்கட்டி அடைத்து அடுப்பில் சுட்டெடுத்த ஷ்ட்ருக்லி ஒரு தட்டு சாப்பிட்டேன். கேட்காமலே தேன்பிராந்தி ஒன்று கொண்டுவந்து வைத்தார்கள். ரசீதில் ஏற்றிவிடுவார்கள் என்று நான் தொடவில்லை. இவ்வளவையும் முதல் வாக்குமூலத்திலும் சொல்லியிருக்கிறேன். அன்று முழுவதும் நான் சந்தேகப்படாத ஆளே இல்லை என்று அதிகாரி இப்போது குறிப்பிட்டார். அது சரிதான். வேலைப் பழக்கம். சந்தேகப்படாதது இருவரைத்தான்.

அதன்பின் டிராம் ஏறி மக்ஸிமீர் பூங்காவுக்குப் போனேன். மணி இரண்டு இருக்கும். ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் என் வயதையொத்த கணவன் மனைவி இருவர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கால் வலித்ததால் இடம் கேட்டேன். மனைவி உடனே நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் பெயர் ரொசாலியா பிரெசாக், கணவர் பெயர் விலிம் என்று பேச்சில் தெரிந்துகொண்டேன். ரொசாலியாவின் மடியில் ரொட்டியும், பச்சை விழுது உள்ள ஒரு கண்ணாடிச் சீசாவும் இருந்தன. அது கரடிப்பூண்டு இலையை எண்ணெய் விட்டு அரைத்தது. வசந்தத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். விலிம் தனியாக ஒரு பொட்டலத்தில் பன்றித்தொடை இறைச்சி வைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"நாலு நாள் முன்னாடி இவரே ஸ்லேமே மலைக்குப் போய்ப் பறிச்சிட்டு வந்து, இவரே அரைச்சும் வச்சாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன்," என்று ரொசாலியா பெருமையாகச் சொன்னார்.

"எனக்குத்தான் பூண்டு ஒத்துக்காது, உனக்காகத்தானே," என்றார் விலிம். அதன்பின் அவர் பீர் வாங்கிவருவதாகச் சொல்லி எழுந்து போனார். அவர் போனதும் ரொசாலியா ஒரு துண்டு ரொட்டியில் விழுதைத் தடவி என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தும், வாங்கித் தின்றேன். முழுவதையும் தின்றேன். கொஞ்சம் கசந்தது. அவரும் தின்றுகொண்டிருந்தார். அதன்பின் அவர் இரண்டாவது துண்டு தடவிக் கொடுத்தார்.

முதல் வாக்குமூலத்தில் நான் ஒரு துண்டு தின்றேன் என்று மட்டும் சொன்னேன். இரண்டாவது துண்டு என்ன ஆயிற்று என்பதை இப்போது சொல்கிறேன். நான் அதை வாயருகே கொண்டுபோனபோது விலிம் திரும்பி வந்துவிட்டார். பீர் பாட்டில்களைப் புல்லில் போட்டுவிட்டு, என் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் எறிந்தார். பிடுங்கியதில் அவர் நகம் என் கட்டைவிரலில் கீறிவிட்டது.

"எத்தனை தின்னீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணு," என்றேன்.

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. ரொசாலியா, "விருந்தாளிகிட்ட இப்படியா நடந்துப்பாங்க? மானம் போகுதுய்யா!" என்றார். மனைவி கையிலிருந்த ரொட்டியை அவர் பிடுங்கவில்லை. ரொசாலியா அதைத் தின்று முடித்தார். நான் இவரைக் கஞ்சன் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். சாயங்காலம் என் தங்கை டொன்காவுக்குப் போன் செய்து அப்படியே சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

அன்று இரவு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, அறைக்காரர்தான் ஆம்புலன்ஸ் வரவழைத்து, கூடவே ஏறி வந்து, என் அடையாள அட்டையையும் கொண்டுவந்து கொடுத்தார். ரொசாலியாவையும் அதே மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருப்பது மறுநாள் தெரிந்தது. கரடிப்பூண்டைப் போலவே இலை உள்ள ஒரு நச்சுச்செடி விழுதில் கலந்திருக்கிறது, வருடந்தோறும் யாராவது இப்படி ஏமாந்து பறித்துவிடுகிறார்கள் என்று மருத்துவர் சொன்னார். அதிகாரி வந்தபோதும் விபத்து என்றுதான் விசாரித்தார். கஞ்சத்தனத்துக்கும் விபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் அந்த ரொட்டித் துண்டைப் பற்றிச் சொல்லவில்லை.

ரொசாலியா ஐந்து நாள் குழாய்களோடு கிடந்தார். ஏப்ரல் 24ஆம் தேதி என் பக்கத்துப் படுக்கைக்கு மாற்றினார்கள். 26ஆம் தேதி காலை, செவிலியர் துன்யா வெளியே போனபின், அவர் என் பக்கம் திரும்பி, "அந்த ரெண்டாவது துண்டைப் பத்தி அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சொல்லாதீங்க, நெவென்கா." அவர் அப்படிக் கேட்ட பிறகுதான் எனக்கு அது கஞ்சத்தனமாக இருக்காது என்று உறைத்தது. ஏன் சொல்லக்கூடாது என்று கேட்டேன். "முப்பத்தொரு வருஷம் அந்தாளோட இருந்துட்டேன். இனிமே அதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் எந்த வீட்டுக்குப் போறது?" என்றார். சொல்லமாட்டேன் என்று அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். அதன்பின் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

27ஆம் தேதி முதல் விலிம் தினமும் ஒரு ஃபிளாஸ்க்கில் மாட்டுக்கறி சூப் கொண்டுவந்தார். என்னைப் பார்த்தால் தலையசைப்பார், பேசமாட்டார். அவர் போனதும் ரொசாலியா எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, சூப்பைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றி, நிறையத் தண்ணீர் திறந்துவிடுவார். துன்யா கேட்டால், குடித்துவிட்டதாகச் சொல்வார். இரண்டு நாளும் நான் தூங்குவதுபோல் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவாரும்போது என் முடி கொத்தாக வர ஆரம்பித்திருந்தது. அவருக்கும் வந்தது. அதைப் பற்றி மட்டும் நாங்கள் பேசிக்கொண்டோம்.

இன்று எங்கள் இருவரையும் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. பதினோரு மணிக்கு விலிம் ரொசாலியாவின் கோட்டையும் ஃபிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு வந்தார். "இன்னைக்கு என் கண்ணு முன்னாலயே குடிச்சிரு. வழியில மயக்கம் வந்து வச்சா யாரு தூக்குறது?" என்றார். "சுடுது, ஆறட்டும். நீங்க போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க," என்றார் ரொசாலியா. விலிம் காகிதங்களோடு கீழே போனார். நான் அப்போது கிளம்பத் தயாராகக் கோட்டு மாட்டி நின்றிருந்தேன். மேசையிலிருந்த ஃபிளாஸ்க்கை எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டு, துன்யாவிடம், "போலீஸ் வர்ற வரைக்கும் இவங்களை அனுப்பிடாதீங்க, காரணத்தை அவங்க வந்து சொல்வாங்க," என்று சொல்லிவிட்டு, வாடகைக் காரில் நேரே இங்கு வந்தேன். அந்த ஃபிளாஸ்க்கை இப்போது அதிகாரியிடம் ஒப்படைக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வெறும் சூப்பாகவும் இருக்கலாம். அப்படியானால் விலிமிடம் அவர் வீட்டு வாசலுக்கே போய் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. நான் வந்ததுமே இங்கிருந்து அனுப்பிய காவலர்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதாகவும், ரொசாலியா இன்று வீட்டுக்குப் போகப்போவதில்லை என்று தன் வாயால் துன்யாவிடம் சொன்னதாகவும், விலிமை விசாரணைக்கு அழைத்துவருவதாகவும் அதிகாரி எனக்குத் தெரிவித்தார். கொடுத்த வாக்கை நான் மீறியது உண்மை. அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன்.

ஃபிளாஸ்க்கை எடுத்தபோது ரொசாலியா பார்த்தாரா என்று அதிகாரி கேட்பதால் சொல்கிறேன். பார்த்தார். அவர் கை ஃபிளாஸ்க்கின் மேல்தான் இருந்தது. நான் கையை நீட்டியதும் அவர் தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கதவு வரை போனபின் என்னைக் கூப்பிட்டார்.

"மூடியை நல்லா இறுக்குங்க, நெவென்கா. ஒரு சொட்டுக்கூடச் சிந்தக்கூடாது."

நான் சொன்னதை அதிகாரி எழுதி, எனக்குப் புரியும்படி படித்துக் காட்டினார். முதல் முறை விடுபட்டது இதில் விடுபடவில்லை. எழுதியிருப்பது அனைத்தும் நான் கண்டதும் கேட்டதும்தான், யாருடைய தூண்டுதலும் இல்லை என்று உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) நெவென்கா ஸ்கெலின்