மயில் கழுத்து கலரு

அந்த பீரோ மேல கைய வச்சிடாதீங்கண்ணே, கொதிக்குது. பீரோதான், ஆனா உள்ள துணிமணி கிடையாது. ஒரு ஜன்னலு கிரில்லு வெந்துக்கினு கீது. அந்த ஸ்டூல நெழலுக்கா இழுத்து போட்டுக்கினு குந்துங்க. கொளஞ்சியப்பன் வூட்ட பத்தி விசாரிக்க வந்தீங்களா? பையனுக்கு அவன் பொண்ண பாத்திருக்கீங்களா. சின்னசேலமா நீங்க? சரி சரி. அவனே சொன்னானா, கச்சிராயபாளையத்துல வெங்கடேசன கேளுங்க, என்ன பத்தி அவனுக்குத்தான் எல்லாம் தெரியும்னு. சொல்லுவான். வேற யார சொல்லுவான்.

இன்னா? மாப்பிள்ளைக்கு வண்டி தர்றேன்னானா? பாத்தீங்களா நீங்க? உள்ரூம்புல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தானா, தூக்கி காட்டுனானா. இன்னா கலரு? மயில் கழுத்து கலரா.

ஒண்ணுமில்லண்ணே, பொகை தொண்டையில அடிச்சிக்கிச்சி. ஜெயா, ரெண்டு டீ போடு, வெளியூர்லருந்து ஆளு வந்திருக்காங்க.

பொண்ண பத்தி மொதல்ல சொல்லிடறேன். சுபஸ்ரீ தங்கமான பொண்ணு. நர்சுக்கு படிச்சிருக்குது. என்ன சித்தப்பா சித்தப்பான்னுதான் கூப்புடும். என் கையில ஒருவாட்டி கொப்புளம் வந்தப்ப தெனமும் வந்து மருந்து போட்டுட்டு போச்சி. அந்த பொண்ணு மேல ஒரு குறை சொல்ல என் நாக்கு வராது. அவங்க அப்பன பத்தி கேட்டீங்கல்ல, நாணயமான ஆளான்னு. சொல்றேன். கிரில்லு வேவட்டும், அதுவரைக்கும் இங்கதான நிக்கணும்.

இது பவுடர் கோட்டிங்குண்ணே. பெயிண்டு இல்ல. மாவாட்டம் இருக்கும் பவுடரு. இந்த துப்பாக்கில வச்சி அடிச்சா கரண்டுல போயி இரும்பு மேல அப்பிக்கும். அப்பறம் சூட்டுல வச்சா நெய்யி மாதிரி உருகி ஓடி, ஒரே தோலா புடிச்சிக்கும். ஆணிய வச்சி கீறுனாலும் லேசுல போவாது. கம்பெனிக்காரன் கிட்ட பெரிய அடுப்பு இருக்கும். எங்கிட்ட ஏது? போன்ல வீடியோ பாத்து பாத்து கத்துக்கினேன். அடுப்புக்கு இன்னா பண்றதுன்னு யோசிச்சப்ப கொளஞ்சிதான் சொன்னான், உன் வூட்ல பீரோ கீதேடா.

ஜெயாவுக்கு அவங்க அம்மா வூட்ல சீரா குடுத்த பீரோ அது. கண்ணாடிய கயட்டிட்டு, உள்ள சூடு தாங்கற பஞ்சு வச்சி தகரம் அடிச்சி, ஹீட்டர் கம்பிய மாட்டுனோம். எங்கூட அவ பேசவே இல்ல. கொளஞ்சிதான் வந்து, தங்கச்சி, ஒரு நாளு இதுலருந்தே உனக்கு பத்து பீரோ வரும்னு சமாதானம் பண்ணான். மொத தபா சூடு ஏத்துனப்ப பீரோவுல அடிச்சிருந்த பழைய பெயிண்டு எரிஞ்சி ஒரே பொகை. தெருவே கொடத்த தூக்கிக்கினு ஓடியாந்துச்சி. நாங்க ரெண்டு பேரும் கரி மூஞ்சியோட நின்னு சிரிச்சோம்.

நல்ல காரியம்னுட்டு, நான் கழுவி சுத்தமா வச்ச மொத கம்பில அவன் மஞ்சள தடவி குங்குமம் வச்சிட்டான். கை ரேகை பட்டாலே பவுடரு ஒயுங்கா புடிக்காது, இவன் மஞ்சள கொழைச்சி பூசி வச்சிருக்கான். வெந்து வெளிய வந்தா அந்த எடம் மட்டும் கொப்புளம் கொப்புளமா நிக்குது. அன்னிலருந்து மஞ்ச குங்குமம் எல்லாம் பீரோவுக்கு தான். தோ, கதவு மேல கீது பாருங்க, அவன் வச்சதுதான். இன்னும் நான் அழிக்கல.

டீ எடுத்துக்கோங்க. சக்கர கம்மியா? ஜாஸ்தி போட்டுட்டாளா. ம்.

வேலைய புடிச்சிக்கினு வர்றது அவன், அடிக்கிறது நான். வெள்ளிமலை வரைக்கும் போயி வண்டி சாமான் வாங்கியாருவான். மலையில மேகம் எறங்குனா பவுடரு ஈரம் கோத்துக்கும், அன்னிக்கி வேல ஓடாது. அப்ப இங்கியே குந்திக்கினு சொந்த கத பேசுவோம். எனக்கு கூட பொறந்தவங்க கெடையாதுண்ணே. அவன்தான்.

எங்கிட்டயும் ஒரு வண்டி இருந்துச்சி. கருப்பு கலரு. பால் கேன் மாட்டறதுக்கு பின்னால ரெண்டு பக்கமும் கேரியரு வச்சி நானே வெல்டிங்கு பத்த வச்சேன். பழைய இரும்பு கட்டிலு கால அறுத்து செஞ்சது. பச்ச பெயிண்டு, அப்படியே உட்டுட்டேன். பாக்க அசிங்கமா தான் இருக்கும், ஆனா அதுலதான் எங்க பொழப்பே ஓடுச்சி. காலையில பாலு, அப்பறம் கோட்டிங்கு சாமானு.

போன ஆடிப்பெருக்குக்கு ரெண்டு பேரும் அதுலதான் கோமுகி டேமுக்கு போனோம். நான் குளிக்க எறங்குனேன். எனக்கு சளி, நீ குளி, நான் சட்டைய பாத்துக்கறேன்னான். சாவி சட்ட பையில. நல்ல கூட்டம். நான் தண்ணில கெடந்து ஆட்டம் போட்டுட்டு ஏறி வந்தா அவன் கையில பொரி பொட்டலத்தோட தேடிக்கினு கீறான். செத்த நேரம் கல்லு மேல வச்சிட்டு போனேன், சட்டைய காணோம்டான்னான். ஓடி பாத்தா வண்டியும் இல்ல. தலையில அடிச்சிக்கினான். தோள்ல கெடந்த துண்ட எடுத்து எனக்கு போத்தி உட்டான். போலீஸ் ஸ்டேஷனுக்கு அவன்தான் கூட்டிக்கினு போனான், என்ன விட அவன்தான் ஜாஸ்தி பேசுனான். அன்னிக்கி அவன் அழுதத பாத்து நான்தான் அவன தேத்துனேன்.

அதுலருந்து ஜெயா பால் கேன இடுப்புல வச்சிக்கினு சொசைட்டிக்கு நடக்கறா. பாத்தீங்களே, டீ வைக்கும்போது எப்படி இடுப்ப புடிச்சிக்கினு குனிஞ்சான்னு.

அப்பறம் ஐப்பசி மழைக்கு மின்ன ஒரு வண்டி சேஸிஸ கொண்டாந்தான். எல்லாத்தையும் பிரிச்சி வெறும் எலும்பு. மலைக்காரரு ஒருத்தரு குடுத்தாரு, புதுசாட்டம் பண்ணி குடுறான்னான். நம்பரு அடிச்சிருக்கிற எடத்துல பவுடரு எறங்குச்சின்னா படிக்க முடியாது, அதுக்கு நான் எப்பவும் டேப்பு ஒட்டிடுவேன். இதுக்கும் ஒட்டுனேன். நம்பர பாத்துதான் ஒட்டுனேன். எவனுக்குண்ணே அவ்ளோ பெரிய நம்பரு மனப்பாடமா கீது? பின்னால ரெண்டு பக்கமும் இரும்ப அறுத்து எடுத்த மிச்சம் மொட்டாட்டம் நின்னுச்சி. எந்த கழுதடா இத பத்த வச்சது, காக்கா எச்சம் போட்டா மாதிரி கீதுன்னேன். அவன் உழுந்து உழுந்து சிரிச்சான். அவன் சிரிக்கறான்னு நானும் சிரிச்சேன். கிரைண்டர வச்சி தேச்சேன், முழுசா எறங்கல, சீட்டுக்கு அடியில தான போவுதுன்னு உட்டுட்டேன். இன்னா கலரு அடிக்கலாம்னப்ப போன் போட்டு பொண்ண கேட்டான். மயில் கழுத்து கலரு நல்லா இருக்கும் சித்தப்பான்னுச்சி. அதுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே, சத்தியமா. நான் வெச்சதுலயே நல்ல பவுடர எடுத்து அடிச்சேன். அவ்ளோ சுத்தமா ஒரு வேல அதுக்கு மின்னயும் செஞ்சதில்ல, பின்னயும் செய்யல.

போன வாரம் அவன் மாடு கன்னு போட்டுச்சின்னு சீம்பாலு வாங்க போனேன். கொட்டாயில வைக்கோலு சரியாம இருக்க ஒரு இரும்பு சட்டத்த முட்டு குடுத்து வச்சிருந்தான். பச்ச பெயிண்டு. கட்டிலு காலு. முனையில நான் பத்த வச்ச அதே காக்கா எச்சம், பாதி அறுந்து கீது.

கேக்கல. எப்படி கேப்பேன்? கேட்டா அவன் ஏதாவது ஒண்ணு சொல்லுவான், நானும் நம்பிடுவேன். அந்த பயத்துலதான் வாய தொறக்காம வந்துட்டேன். ஜெயா கிட்டயும் சொல்லல. வண்டிய வித்துப்புட்டான் போலன்னு நெனச்சிக்கினு இருந்தேன். மலைக்காரரு வந்து எடுத்துக்கினு போனாருன்னு எங்கிட்ட சொன்னவனாச்சே. தார்ப்பாய் போட்டு வூட்டுலயே வச்சிருக்கான்னு இப்ப நீங்க வந்து சொல்லிதான் தெரியுது.

வண்டி பேப்பரு பின்னால வரும்னு சொல்லியிருப்பானே? ஆமா, சொல்லியிருப்பான்.

எதுக்குண்ணே எழுந்துட்டீங்க? குந்துங்க. பொண்ண வாணாம்னுடாதீங்க, அது பாவம். தேதி குறிங்க, நானும் ஜெயாவும் வந்து பந்தியில பரிமாறுவோம். வண்டி மட்டும் வாணாம்னு சொல்லிடுங்க. என் மேல சந்தேகம் இருந்தா சீட்ட தூக்கிட்டு அடியில வெரல வச்சி பாருங்க, பக்கத்துக்கு ஒரு மேடு தட்டும். நம்பரும் தெளிவா இருக்கும், நான்தான டேப்பு ஒட்டுனேன்.

எப்படிப்பட்ட ஆளுன்னு கேட்டீங்க. அவன பாத்தா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பொண்ணு கல்யாணத்துக்குன்னு வாய தொறந்து கேட்டிருந்தா நானே தொடச்சி, அதே கலரு அடிச்சி, சாவிய அவன் கையில குடுத்திருப்பேன்னு சொல்லுங்க.

செத்த தள்ளி நில்லுங்கண்ணே. கிரில்லு வெந்துடுச்சி, பீரோவ தொறக்கப் போறேன். சூடு மூஞ்சில அடிக்கும்.