மூன்று வாரக் கோளாறு

பழைய பிக்கப் வண்டி வைத்திருப்பவனுக்குப் பொறுமை வேண்டும். எங்கள் வீட்டு வாசலிலேயே நான்தான் அதைப் பிரித்துப் பார்த்து, சரிசெய்து ஓட்டிவந்தேன். "உங்கப்பாவுக்கு அந்த வண்டிதான் மூத்த தாரம், நான் இளையவ" என்று மனைவி மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. கட்டிலையும் பீரோவையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப்புக்கு மின்சாரம் விடும் ரிலேயைக் கழற்றி, வண்டி வேலைக்கென்றே போடும் பழைய சட்டையின் பையில் போட்டுக்கொண்டேன். பாதித் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அவளும் என்னோடு சேர்ந்து மூன்று வாரம் கோளாறைத் தேடினாள். எனக்கு அவை நல்ல நாட்கள்.

ஒரு மதியம், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தூரம். தெருவில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மகள் அவளைத் தாங்கி வண்டியின் முன்சீட்டில் உட்கார வைத்தாள்.

"எப்படியாச்சும் கிளப்புப்பா."

"பாத்துட்டுத்தாம்மா இருக்கேன்."

பானட்டைத் தூக்கி வைத்திருந்ததால் மனைவியின் முகம் எனக்குத் தெரியவில்லை. ஒரு வகையில் அது வசதியாக இருந்தது. பேட்டரி முனைகளைத் துடைத்தேன். மகளின் கண் என் கை மேலேயே இருந்தது.

தண்ணீர் எடுக்க அவளை உள்ளே அனுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். அனுப்பினேன். அந்த நேரத்தில் ரிலேயைப் பொருத்தியிருக்கலாம். ஆனால் மூன்று வாரமாகக் கிளம்பாத வண்டி சட்டென்று கிளம்பினால் அவளுக்குச் சந்தேகம் வராதா? அவள் செம்போடு திரும்பி வந்தாள். நான் மறுபடி பேட்டரியைத் துடைத்தேன்.

"அம்மா கண்ணத் திறக்க மாட்டேங்கறாப்பா" என்றாள்.

காரியம் முடிந்த பிறகும் அவள் ஊருக்குப் போவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்குச் சமைத்துப் போட்டாள். நேற்றுத்தான் அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்திருக்கிறாள். பையிலிருந்ததை என்னவென்று நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வாசலில் எஞ்சின் ஒரே சாவியில் பிடித்த சத்தம் கேட்டது.

நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்தாள் என்கிறீர்கள். ஆமாம், எல்லாவற்றையும் செய்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு இப்போது கோபம். தணிந்ததும் என்னை அழைத்துப்போக வருவாள். தாயில்லாத பிள்ளை, என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?