நாலாவது ஆணி

— இடுப்பு விட்டுப்போச்சுக்கா. கொஞ்ச நேரம் இப்படியே தரையில கிடக்கறேன், ஒண்ணும் சொல்லாத.

— செருப்பைக் கழட்டிட்டுக் கிட. ஒரே மண்ணு. ஸ்கேனருக்குத் தூசி ஆகாது.

— மண்ணு என் மேல ஒட்டினது இல்லக்கா, ஊறினது. விடிஞ்சதும் பொக்லைன்ல ஏறினவன் இப்பத்தான் இறங்கறேன். காலையில ஒரு குழியை மூடினேன். மத்தியானம் மேஸ்திரி வந்து, அதையே தோண்டுன்னான்.

— தோண்டினியா?

— தோண்டாம? மண்ணுக்கு வாயா இருக்கு, ஏன்னு கேக்க? இங்க அள்ளி அங்க கொட்டினா அங்கயே கிடக்கும். நீ இன்னும் கிளம்பலையா?

— இதை முடிச்சிட்டுத்தான். நாளைக்குக் காலையில ஏரிக் கமிட்டிக்குப் போகணும்.

— நம்ம தெருவையே ஏரிக்குள்ள தள்ளிச்சே, அந்தப் படமா? தூக்கி அடுப்புல போடு.

— அடுப்புல போட்டா எனக்குச் சம்பளம் யாரு தருவா?

— நம்ம வீடும் அதுக்குள்ள வருதுன்னு உங்க மேலாளர்கிட்ட சொன்னியா?

— முதல் நாளே சொல்லிட்டேன். “அப்படின்னா ஒரு முடி அளவுகூடப் பிசக மாட்ட, நீயே செய்”ன்னுட்டார்.

— நல்ல மனுஷன். தூக்குக் கயித்தை நம்மளையே திரிக்கச் சொல்றார்.

— புலம்பாத. கண்ணை மூடிக்க. படத்தை இழுக்கறேன், நீ கேட்டுக்கிட்டே கிட.

— கதை மாதிரியா?

— கதைதான்னு வெச்சுக்கயேன். அடியில, ஏரி முழுசா இருந்தப்ப அளந்து வரைஞ்ச பழைய படம். மேல, இன்னிக்கு வானத்துலேர்ந்து எடுத்த போட்டோ. இந்தப் பட்டனை இழுக்க இழுக்க போட்டோ கரையும். இதோ, பஸ் ஸ்டாண்டு போச்சு. ஆஸ்பத்திரி போச்சு. இந்த ஆபீசும் போச்சு.

— அப்ப நான் எங்க படுத்திருக்கேன்?

— தோப்புல.

— என்ன மரம்?

— அதெல்லாம் எழுதல. அந்தக் காலத்துல அளந்தவன் மரத்தை வரைஞ்சு, அதுக்கு நிழலும் வரைஞ்சிருக்கான். எல்லா நிழலும் கிழக்கால சாஞ்சிருக்கு.

— அப்ப சாயங்காலம்.

— இந்தப் படத்துல எப்பவுமே சாயங்காலம்தான்.

— நல்ல ஊருக்கா. எந்நேரமும் வேலை முடிஞ்ச நேரம். மேஸ்திரி எட்டிப் பாக்க மாட்டான். சரி, அப்புறம்?

— ஒத்தையடிப் பாதை ஒண்ணு போகுது. புள்ளி புள்ளியா வெச்சிருக்கான், எறும்பு போன தடம் மாதிரி. வீடு இல்ல, சத்தம் இல்ல. அப்படியே நடந்தா நம்ம தெரு.

— வந்துட்டோமா?

— வந்துட்டோம். தெரு இல்ல. தண்ணி. நீலத்துல கோடு கோடா. அடுப்படி மேல ஒரு கோடு, அம்மா கட்டில் மேல ஒரு கோடு.

— அம்மா நனையறாங்களா?

— தூங்கறாங்க. கட்டிலைச் சுத்தி மீன் போகுது. எதிர்வீட்டுல தையல் அத்தை மிஷினை மிதிச்சுக்கிட்டு இருக்காங்க. துணி மிதந்துக்கிட்டே தையல் ஓடுது.

— அத்தை தண்ணிக்குள்ளயும் நிறுத்த மாட்டாங்க. பரவாயில்லக்கா. மூழ்கினாலும் கூட்டா மூழ்கறோம்.

— அது நேத்து வரைக்கும்.

— நேத்து வரைக்கும்னா?

— எந்திரி. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.

— எந்திரிக்க முடியாது. கிடந்தபடியே சொல்றேன், கேளு.

— பழைய படத்தை இன்னிக்கு ஊர் மேல உக்கார வெக்கணும்னா ஆணி அடிக்கணும். ஆணின்னா, அன்னிக்கும் இன்னிக்கும் நகராத இடம். நான் மூணு பிடிச்சேன். கல்பாலம், மணிக்கூண்டு, ஊர்க் கடைசியில இருக்கிற மைல்கல். மூணும் நூல் பிசகாம உக்காந்துச்சு.

— அப்புறம் என்ன?

— மூணு ஆணி எப்பவும் அப்படித்தான் உக்காரும். படத்தை இழுத்து வளைச்சாவது கம்ப்யூட்டர் உக்கார வெச்சுடும். நாலாவது அடிச்சாத்தான் குட்டு வெளிய வரும். எனக்கு நாலாவது கிடைக்கல. கமிட்டிக்கு அவசரம்னு மூணோட குடுத்தேன். அதை நம்பித்தான் வந்து, இடிக்கணும்னு கதவுக்குக் கதவு சிவப்பு மை போட்டுட்டுப் போனாங்க.

— இப்ப நாலாவது கிடைச்சுதா?

— மதகு. புதரை வெட்டின பிறகு எடுத்த போட்டோவுல தலை காட்டுச்சு. அடிச்சேன், உக்காரல. ஒவ்வொரு ஆணியாப் பிடுங்கிப் பாத்தேன். மைல்கல்லைப் பிடுங்கினா மத்த மூணும் ஒத்துப்போகுது, படமும் கோணாம நிக்குது.

— அதுக்கு என்னை ஏன் எழுப்பற?

— ரோடு அகலம் பண்ணினப்ப அந்தப் பக்கம் பொக்லைன் ஓட்டினது யாரு?

— அட. அந்த மொட்டைக் கல்லா? தலையில காக்கா எச்சத்தோட நிக்குமே?

— அதேதான்.

— நான்தான்கா தூக்கினேன். பச்சைக் குழந்தையைத் தூக்கற மாதிரி பக்கெட்டுல வெச்சு. “பழைய சாமான், உடைச்சுடாத, வாய்க்கால் தாண்டி நட்டுடு”ன்னான் மேஸ்திரி. கோணாம நட்டேன்னு பாராட்டு வேற.

— கோணாமத்தான் நட்டிருக்க. இடம்தான் வேற.

— கல்லு நகர்ந்தா ஏரி நகருமா?

— என் படத்துல நகர்ந்துச்சே. நீ கல்லை வாய்க்கால் தாண்டி வெச்ச. நான் அதுல ஆணி அடிச்சு, ஏரியை நம்ம அடுப்படி வரைக்கும் இழுத்துட்டு வந்துட்டேன்.

— அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு ஏரியையே தள்ளியிருக்கோம். ஊருக்குள்ள இப்படி ஒரு வேலையாள் கிடைப்பானா?

— வாய் மட்டும் வலிக்காதே உனக்கு. வந்து பாரு. மைல்கல்லைப் பிடுங்கறேன்.

— இரு, இரு, வர்றேன். அம்மாடி. மெதுவா இழுக்கா.

— தண்ணி இறங்குது பாரு.

— அடுப்படி காஞ்சுது. கட்டில் காஞ்சுது. வாசப்படி. அக்கா, வாசப்படியும் காஞ்சுது. நம்ம வீடு கரையேறிடுச்சா?

— ஏறிடுச்சு.

— அம்மாகிட்ட நான்தான் சொல்லுவேன். நீ முந்திக்காத. இடுப்பு வலியே போன இடம் தெரியல.

— ஏரிக்கரைக் கோடு எங்க நிக்குதுன்னு பாரு முதல்ல.

— தெருவுல. இல்ல, தெருவைத் தாண்டி. தையல் அத்தை வீட்டு மேல நிக்குது. அப்ப அத்தை தண்ணிக்குள்ளயா?

— தண்ணியிலயும் இல்ல, கரையிலயும் இல்ல. பழைய படம் வரைஞ்சவன் கரையைத் தடிச்ச பேனாவால இழுத்திருக்கான். தரையில அளந்தா அந்தக் கோடே ஒரு வீட்டு அகலம். அத்தை வீடு மைக்குள்ள இருக்கு.

— மைக்குள்ள இருந்தா என்ன செய்வாங்க?

— அடுத்த வாரம் நேர்ல வந்து பாப்பாங்க. மேடா இருந்தா கரைன்னு எழுதி விட்டுடுவாங்க. பள்ளமா இருந்தா ஏரி. இடிப்பாங்க.

— அப்ப முடிஞ்சுது. அத்தை வீட்டு முற்றம் ஊரறிஞ்ச பள்ளமாச்சே. மழை விட்டு மாசமானாலும் தண்ணி நிக்கும். நானும் அவங்க பையன் குண்டுவும் அதுலதானே கப்பல் விட்டோம். யோசிச்சுப் பாத்தா அழகாத்தான் இருக்கு. ஏரி தன் இடத்தை மறக்கல. மழைக்கு மழை வந்து அங்க உக்காந்துட்டுப் போகுது.

— அப்படியா நினைச்சுக்கிட்டு இருக்க?

— பின்ன? அத்தை பாவம்தான். நாம என்ன செய்ய முடியும்? அவங்க இடம் பள்ளம், நம்ம இடம் மேடு. அவங்கவங்க தலையெழுத்து. நீ சரியான படத்தை அனுப்பு.

— அனுப்பத்தான் போறேன். நம்ம இடம் எப்படிடா மேடாச்சு?

— எனக்கு என்ன தெரியும்? நான் பொறந்ததுலேர்ந்து மேடுதான்.

— நீ பொறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வீடும் ஒரே மட்டம். அந்த வருஷ மழையில ரெண்டு வீட்டுலயும் முழங்கால் தண்ணி. அது வடிஞ்சா அடுத்த மழை கருகருன்னு நிக்குது. அம்மா வயித்துல நீ. நாள் நெருங்கிடுச்சு. தரையை உசத்தலாம்னா, பாதையெல்லாம் சேறு, மண்ணு வண்டி ஒண்ணும் உள்ள வரல. அத்தை வந்து பாத்தாங்க. “பிள்ளைத்தாச்சியைத் தண்ணியில போட முடியுமா”ன்னு மாமாகிட்ட மண்வெட்டியைக் குடுத்தாங்க. அவங்க முற்றத்தையே வெட்டினார். அந்த மண்ணை நம்ம தரையில கொட்ட நானும் கூடை தூக்கினேன், அதான் நினைப்பிருக்கு.

— அக்கா. அந்தப் பள்ளம்...

— ஏரி தோண்டினது இல்ல. மாமா தோண்டினது.

— அத்தை ஒரு நாள்கூட வாயைத் திறக்கலையே.

— கேக்கறவங்களா இருந்தா அன்னிக்கே குடுத்திருக்க மாட்டாங்க.

— அந்தப் பட்டனைத் திருப்பி இழுக்கா. தண்ணி வந்துட்டுப் போகட்டும். எல்லாரும் உள்ள இருந்தப்பவே நல்லா இருந்துச்சு.

— அது பொய்ப் படம்டா.

— அப்ப என்னை என்னதான் செய்யச் சொல்ற?

— நீ பொறந்து விழுந்தது அத்தை வீட்டு மண்ணு மேல. அடுத்த கோடையில திருப்பிக் கொட்டிடறேன்னு சொல்லி அப்பா வாங்கின மண்ணு. இன்னிக்கு வரைக்கும் ஒரு கூடை போகல. கமிட்டி வந்து பாக்க இன்னும் ஒரு வாரம் இருக்கு.