பாறைக்கு ஊத்துன தண்ணி

— பாத்து எறங்கு ஃபென்னா. கழுதை இங்கயே நிக்கட்டும். இந்த வளைவத் தாண்டுனா நம்ம பாறைதான்.

— உன் முட்டியப் பாரு முதல்ல. முப்பது வருஷம் லிபியாவுல கெடந்துட்டு வந்து எனக்கே புத்தி சொல்றியா, கூமா மச்சான்?

— அடப்பாவமே. ஒண்ணுமே இல்லையே.

— லேசா செவப்பு தெரியுதுல்ல?

— அது வெறும் கறை. அந்தக் காலத்து ஆளுங்க வரைஞ்ச ஆறு மாடு இருந்துச்சு ஃபென்னா. ஓரத்துல கம்பை ஊணி ஒத்தக்கால்ல ஒரு மேய்ப்பன் நின்னான். எல்லாம் நான் பண்ணுன பாவம்.

— ஆரம்பிச்சுட்டியா.

— வெள்ளைக்காரங்க போட்டோ எடுக்கணும்னா தோல்பையத் தெறந்து பாறை மேல தண்ணியச் சளசளன்னு ஊத்துவேன். நனைஞ்சதும் மாடெல்லாம் உசுரோட வந்து நிக்கும். கூடவே சாயமும் வடியுதுன்னு எனக்கென்ன தெரியும்?

— நம்ம ஜானெத் ஊர்ல எந்த வழிகாட்டிதான் ஊத்தல? ஊரோட ஒத்த பாவம்.

— ஊர்க்கதை எதுக்கு. இது நான் காட்டுன பாறை. எத்தனையோ ஆயிரம் வருஷம் தாங்குனத நான் நாலே வருஷத்துல கெடுத்தேன். இந்தத் தண்ணியாலதான் அழியுதுன்னு படத்தப் பாக்க வந்த ஒரு ஆராய்ச்சிக்காரம்மா சொன்னாங்க பாரு, அன்னிக்கே தொழில விட்டுட்டேன். உன்னைப் பொண்ணு கேட்டு வரணும்னு இருந்தேன். என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?

— பாறைகிட்ட பட்ட வெக்கத்துக்கு மாமன் மவள விட்டுட்டுப் போனியாக்கும். நல்லாயிருக்கு உன் நியாயம்.

— சிரிக்காத புள்ள.

— சிரிக்கல. அந்த வருஷம் எளவட்டங்க கூடுன எடத்துல நான் ஒத்தத் தந்தி வாத்தியம் வாசிச்சது பூரா உனக்குத்தான்.

— தெரியும். ஒட்டகத்துக்குப் பின்னால உக்காந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்.

— முகத்துணிய ஏன் கண்ணு வரைக்கும் ஏத்துற? அழுவுறியா?

— புழுதி.

— சரி, ஒண்ணு கேக்குறேன், நெசத்தச் சொல்லு. நீ போறப்ப அந்த மேய்ப்பன் இருந்தானா?

— பளிச்சுனு இருந்தான். மாடுங்கதான் மங்கிப்போச்சு.

— நீ போன மறுவருஷமே சண்டை வந்து வெள்ளைக்காரங்க வரத்தும் நின்னுபோச்சு. அப்ப அவனை யாரு அழிச்சா?

— மழையோ என்னவோ.

— இந்தக் குடைவுக்குள்ள மழை எங்க வரும்?

— பின்ன?

— ஆட்ட ஓட்டிக்கிட்டு வருஷா வருஷம் இங்க வருவேன். அவன் நிக்கிற நிப்பு அச்சு அசல் நீதான். குடிக்க வச்சிருந்த தண்ணிய அவன்மேல ஊத்திட்டு, நாக்கு வறண்டு வீடு திரும்புவேன். அழியும்னு தெரியும் மச்சான். பாக்காம இருக்க முடியல.